வாப்பாவின் சீடிகளும் தறிச் சத்தமும்



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ஊர்ச் சனம் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறோம்.

மருதமுனையில் நாற்பது தாண்டிய ஆட்களுக்கு வாப்பாவின் ரெக்கோடிங் பார் ஞாபகம் இருக்கும். பெருநாளைக்கு முதல் கிழமை அந்தச் சின்னக் கடையில் நிற்க இடம் கிடைக்காது. பாட்டுப் பட்டியலை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டு நாளில் கசட் தயார். அது தொழில். தொழிலுக்கு வெளியே வாப்பாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கலியாண வீடு, பாடசாலைப் பரிசளிப்பு, மீலாத் விழா, தறி வீட்டில் கவி பாடும் பெண்கள் என்று எதையும் பதிவு செய்வார். காசு வாங்க மாட்டார்.

2003இல் சீடி எழுதும் கணினி ஒன்று வாங்கி, அந்தக் கசட்டுகளை ஒவ்வொன்றாக சீடிக்கு மாற்றத் தொடங்கினார். பாதி கூட முடியவில்லை. 2004 டிசம்பர் 26. கடற்கரைப் பக்கம் இருந்த வீடும் கசட்டுகளும் போயின. உம்மம்மாவும் போனா. பிரதான வீதிக் கடையின் மேல் தட்டில் இருந்த சீடிகள் மட்டும் மிஞ்சின.

போன வருடம் வாப்பா மௌத்தானார். உம்மாவின் இத்தா முடிந்த கையோடு அலுமாரியைத் திறந்தோம். மொத்தம் 340 சீடிகள். கடையில் விற்ற வகை 214: நாகூர் ஹனிபாவின் பாடல்கள், கிராஅத், சினிமாப் பாட்டு. வாப்பா தானே எழுதியவை 87. மிச்சம் 39 எம்.பி.3 சீடியும் வீடியோ சீடியும். சிலவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சிலவற்றில் மேல் பக்கத்துப் பூச்சு வெள்ளிச் செதிலாக உரிந்திருந்தது.

உம்மா சொன்னா: “புள்ள, படிச்ச ஆக்கள்தானே நீங்க. இதுகள கொம்பியூட்டருக்கு ஏத்தி வெச்சிருங்களன். வாப்பாட அமானிதம்.”

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். பாடசாலை விட்டு வந்து, கொப்பி திருத்தி முடித்து, பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் எங்களுக்கு நேரம். மடிக்கணினியில் சீடி ஓட்டும் இடமே கிடையாது. யூஎஸ்பியில் பொருத்தும் டிரைவ் ஒன்று வாங்கினோம். கைக்கு முதலில் அகப்பட்ட ஒரு இலவச மென்பொருளைப் போட்டோம். பெயர் வேண்டாம், பிழை எங்களுடையது. சீடியைப் போட்டால் நான்கு நிமிடத்தில் “முடிந்தது” என்று வந்தது. ஒரே கிழமையில் அறுபது சீடி. ‘இவ்வளவு இலேசான வேலையா?’ என்று சந்தோசப்பட்டோம்.

அந்த அறுபதில் ஒன்று 17ஆம் இலக்கச் சீடி. வாப்பா எப்போதும் பதிவின் தொடக்கத்தில் தன் குரலிலேயே திகதி, இடம், பாடுபவர் பெயர் எல்லாம் சொல்லிவிடுவார். அதில் 1996இல் எங்கள் வீட்டில் எடுத்த கவி இருந்தது. “பாடுபவர்கள்...” என்று சொல்லி உம்மம்மாவின் பெயரைச் சொல்கிறார். பிறகு ஒரு சின்ன அமைதி. பிறகு கவி தொடங்குகிறது. இரண்டு பெண் குரல்கள். ஒன்று உம்மம்மா. மற்றது யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. வாப்பா அந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்றே நினைத்தோம்.

கவி முழுக்க இடைவிடாமல் ‘டக், டக்’ என்றொரு சத்தம். சீடி கீறல் விழுந்து கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தோம். ஓடாசிட்டி மென்பொருளில் அந்த மாதிரிச் சத்தங்களை நீக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு நீக்கிவிட்டு, “பாருங்க, உம்மம்மாட குரல் எவ்வளவு கிளியர்” என்று குடும்பக் குழுவில் அனுப்பியும் விட்டோம்.

கட்டாரில் இருக்கும் தம்பிதான் எங்களை நிறுத்தினான். அவன் கேட்ட கேள்வி இதுதான்: “சீடி சரியா வாசிபட்டிச்சி எண்டு எப்பிடித் தெரியும்?”

எங்களிடம் பதில் இல்லை. ‘முடிந்தது’ என்று மென்பொருள் சொன்னது. அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் இதைப் படிக்கத் தொடங்கினோம். விளங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், உங்களுக்கும் உதவும்.

பாட்டுச் சீடியில் இருப்பது கோப்பு அல்ல. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து எழுதிய எண்கள். கீறல் விழுந்தால் திருத்திக்கொள்ள மேலதிகமாகவும் சில எண்கள் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். சின்னக் கீறலை டிரைவ் அதைக் கொண்டு சரியாகத் திருத்திவிடும். பெரிய சேதம் என்றால் திருத்த முடியாது. அப்போது பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாவிட்டால் அமைதியைப் போட்டு நிரப்பும். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் அது நல்ல ஏற்பாடுதான், பாட்டு நிற்காமல் ஓடும். ஆனால் பிரதி எடுத்துப் பாதுகாக்கிற வேலைக்கு அது ஆகாது. எங்கே ஊகித்தது, எங்கே வெறுமையாக விட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

வகுப்பறையில் இரண்டு வகைப் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஒருவன் பத்துக் கணக்கும் செய்ததாகச் சொல்லி, தெரியாததற்கு ஏதோ ஒரு விடையை எழுதி நீட்டுவான். மற்றவன் “சேர், ஏழாவது வரல்ல” என்று வந்து நிற்பான். இரண்டாமவனுக்குத்தான் நாங்கள் உதவி செய்ய முடியும். மென்பொருளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். எது வேகம், எது அழகு என்று பார்ப்பதை விட்டோம். வராததை வரவில்லை என்று சொல்வது எது என்று மட்டும் தேடினோம்.

மூன்றைப் பார்த்தோம்.

முதலாவது டீபீபவராம்ப். நல்ல மென்பொருள், பாவிக்கவும் இலேசு. காசு கட்ட வேண்டும், அதுவும் வெளிநாட்டுக் காசில். ஆசிரியர் சம்பளத்தில் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது ஃப்ரீ:ஏசி. முற்றிலும் இலவசம். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சேதமில்லாத சீடிகளை ஏற்ற நினைக்கும் ஆட்களுக்கு இதையே சொல்வோம்.

மூன்றாவது எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி, சுருக்கமாக ஈஏசி. ஜெர்மனியில் ஆன்ட்ரே வீத்தோஃப் என்பவர் மாணவராக இருந்த காலத்தில் உருவாக்கத் தொடங்கியது. விண்டோஸில் மட்டும் ஓடும், சொந்தப் பாவனைக்கு இலவசம். முகப்பு பழைய காலத்தது. முதல் நாள் அமைப்புகளைச் சரிசெய்யவே எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் போனது. ஆனால் அதன் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு தடவை வாசித்து ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மிக மோசமான இடமென்றால் 82 தடவை வரை. கடைசியில் ஒரு அறிக்கை தருகிறது. எந்தப் பாட்டில், எத்தனையாவது செக்கனில் சந்தேகம் என்று அதில் எழுதியிருக்கும். எங்களுக்கு வேண்டியது இதுதான்.

கடையில் விற்ற சீடிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அக்கியுரேட்ரிப் என்ற தரவுத்தளத்தில், அதே சீடியை உலகத்தில் வேறு ஆட்கள் ஏற்றியபோது கிடைத்த சரிபார்ப்பு எண் இருந்தால், எங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாப்பா வீட்டில் எழுதிய சீடிகளுக்கு அது உதவாது. உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கிறது, யாரோடு ஒப்பிடுவது? அதற்கு ஈஏசியில் ‘பரிசோதித்து, பிறகு பிரதி எடு’ என்ற முறை இருக்கிறது. முழுதையும் இரண்டு தடவை வாசித்து, இரண்டு சரிபார்ப்பு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

ஏற்றிய அறுபதையும் அழித்தோம். ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

17ஆம் சீடியின் முறை வந்தது. கவி இருந்த பாடல்களுக்கு அறிக்கை சுத்தமாக வந்தது. இரண்டு வாசிப்பும் ஒன்றே, பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘டக், டக்’ அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் சீடியில் எழுதப்பட்டிருப்பதே அதுதான். அதற்கு மேல் மென்பொருளுக்குத் தெரியாது. குசினிக்குள் இருந்த உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தோம். இரண்டு நிமிடம் கேட்டா. சிரித்தா.

“இது தறி புள்ள. உம்மா தறியில இருந்துதானே கவி படிப்பா.”

நாடா ஓடிப் பலகை விழுகிற சத்தம். உம்மம்மா நெய்துகொண்டே பாடியிருக்கிறா. அந்தச் சத்தத்தைத்தான் ‘கெட்டுப்போன இடம்’ என்று நினைத்து நாங்கள் கழுவித் துடைத்திருந்தோம். கைத்தறிக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, தறிச் சத்தம் கேட்டு அது தறி என்று விளங்காத தலைமுறை நாங்கள்.

அதே சீடியின் முதல் பாடலுக்கு, அதாவது வாப்பாவின் அறிமுகத்துக்கு, அறிக்கை வேறு மாதிரி வந்தது. 11ஆம் செக்கனில் சந்தேகம். நாங்கள் மூச்சு வாங்கினார் என்று நினைத்த அதே இடம்! அங்கே அமைதி இல்லை. வாப்பா ஏதோ சொல்லியிருக்கிறார், வாசிபடவில்லை.

சீடியை மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவினோம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தோம். வாசிக்கும் வேகத்தைக் குறைத்து இரவு முழுக்க ஓடவிட்டோம். சரிவரவில்லை. ஒரு டிரைவுக்கு வாசிபடாத சீடி இன்னொன்றுக்கு வாசிபடலாம் என்று படித்திருந்தோம். கணினி திருத்தும் கூட்டாளி ஒருவரிடம் பழைய மேசைக் கணினி ஒன்று கிடந்தது. அதன் டிரைவில் போட்டோம். இரண்டு சரிபார்ப்பு எண்களும் பொருந்தி வந்தன. கேட்டுப் பார்த்தோம்.

உம்மம்மாவின் பெயருக்குப் பிறகு வாப்பா இன்னொரு பெயரைச் சொல்கிறார். பக்கத்து வளவில் இருந்த மாமியின் பெயர். அவவும் அந்த டிசம்பரில் போனவதான்.

அவவின் மகள் இப்போது சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருக்கிறா. அவங்கட வீட்டில் ஒரு போட்டோ கூட மிஞ்சவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனோம். விசயத்தை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போட்டோம். தலையைக் குனிந்துகொண்டே கேட்டா. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டா:

“உம்மாட கொரல் இப்பிடியா இருந்திச்சி?”

ஆம் என்று சொல்லவும் எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பவும் போட்டோம். இரண்டாம் தடவை தன் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னா.

அந்த முதல் அறுபதையும் ஏற்றி முடித்த சந்தோசத்தில், பழைய சீடிகள் இனி எதற்கு என்று குப்பைக்குப் போட நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போட்டிருந்தால் அந்தப் பெயர் போயிருக்கும்.

இனி ஒழுங்குபடுத்தும் வேலை. ஏற்றுவதை விட இதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

கடைச் சீடிகளுக்கு மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறோம். பாட்டின் ஒலியையே வைத்து உலகப் பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பெயர்களைப் போட்டுத் தரும். வாப்பாவின் சீடிகள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவற்றுக்கு எம்பி3டேக் மென்பொருளில் கையால் எழுதுகிறோம். பெயர் எம்பி3 என்றாலும் மற்ற வகைக் கோப்புகளிலும் வேலை செய்யும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு பாடம் கற்றோம். ஒரு சீடியில் நாகூர் ஹனிபா, இன்னொன்றில் ஹனீபா, மற்றொன்றில் அனிபா. கணினி மூன்று பேர் என்று நினைத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டது. இப்போது ஒரு கொப்பியில் பெயர் இடாப்பு எழுதி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், அதை மாற்றுவதில்லை. வாப்பா கணினியில் எழுதி வைத்த சில பட்டியல்கள் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிகிறது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் யார் யார் என்று விளங்கியது.

கோப்பு வகைக்கு ஃப்ளாக். சீடியில் உள்ளதில் ஒரு எண்ணும் குறையாமல், இடத்தை மட்டும் ஏறத்தாழப் பாதியாக்கும். கோப்புக்குள்ளேயே சரிபார்ப்பு எண்ணும் இருப்பதால், பத்து வருடம் கழித்தும் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு எம்.பி.3 எடுத்துக்கொள்கிறோம். மூலக் கோப்பில் எந்தச் சத்தத்தையும் நீக்குவதில்லை. தறிச் சத்தம் தந்த பாடம் அது.

பிரதி மூன்று. ஒன்று வீட்டில், ஒன்று தம்பியிடம், ஒன்று ராத்தா வாழ்க்கைப்பட்ட அக்குறணையில். ஒன்றாவது கடலுக்குத் தூரத்தில் இருக்கட்டும் என்று உம்மாதான் சொன்னா.

உங்கள் வீட்டிலும் பழைய சீடிகள் கிடந்தால் தயவு செய்து இவற்றைக் கவனியுங்கள்:

1. வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள். வீட்டில் எழுதிய சீடியில் ஒலி ஒரு சாயப் படையில்தான் பதிவாகி இருக்கிறது. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும்.

2. சீடியின் மேல் பக்கத்தில் பேனையால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். உண்மையில் மெல்லிய பக்கம் அதுதான். இலக்கத்தைப் பெட்டியில் எழுதுங்கள்.

3. வட்டமாகத் துடைக்க வேண்டாம். நடுவிலிருந்து வெளியே நேராக.

4. முதலில் அது பாட்டுச் சீடியா, எம்.பி.3 சீடியா என்று பாருங்கள். எம்.பி.3 சீடி என்றால் சாதாரணமாகக் கோப்பைப் பிரதி செய்தால் போதும். இது தெரியாமல் நாங்கள் ஒரு இரவை வீணாக்கினோம்.

5. ஏற்றிய பிறகும் சீடியை எறியாதீர்கள். அறிக்கையை வாசியுங்கள். இன்று வாசிபடாதது வேறு டிரைவில் வாசிபடலாம்.

இனி நாங்கள் கேட்கும் உதவி.

வாப்பாவின் 87 சீடிகளில் 52 முடிந்துவிட்டன. அவற்றில் 19இல் அறிமுகக் குரல் இல்லை. யாருடைய கலியாண வீடு, எந்தப் பாடசாலைப் பிள்ளைகள், கவி பாடுபவர் யார் என்று தெரியாது. எங்கள் உம்மாவுக்கும் தெரியவில்லை. ஊரில் அறுபது, எழுபது வயது தாண்டிய உம்மாமாரும் வாப்பாமாரும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர்களும் எத்தனை காலம் எங்களோடு இருப்பார்கள்?

பெண்களின் குரல்கள் இருப்பதால் இவற்றில் எதையும் முகநூலில் போட மாட்டோம். அந்தந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் பிரதி கொடுக்கவும் மாட்டோம். சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் மடிக்கணினியோடு நாங்கள் வருகிறோம். உங்கள் ஆட்களின் குரல் இருந்தால் பென் டிரைவில் போட்டுத் தருவோம். காசு வேண்டாம், வாப்பா வாங்காத காசு எங்களுக்கும் வேண்டாம்.

வாப்பாவின் மறுமை வாழ்வுக்கும், அந்தச் சீடிகளுக்குள் பாடிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.